படிக்க வைப்பவர் திருப்பிக் கேட்பது என்ன? – அமெரிக்கப் படைகளின் சட்டக் கல்வித் திட்டம்

(இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவன்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, லேத்தைப் பற்றியோ சி.என்.சி. மெஷினைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் நினைத்திருப்பார். நான் எடுத்துக்கொண்டதோ, அமெரிக்கப் படையில் வேலையில் இருப்பவர்கள் சம்பளத்தோடு சட்டக் கல்லூரிக்குப் போகும் திட்டத்தைப் பற்றி. "நமக்கும் அதுக்கும் இன்னாடா சம்பந்தம்?" என்று ரூம்மேட் கேட்டான். சம்பந்தம் இருக்கிறது. அது என் தகரப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் ஒரு தாளில் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு தாளும் ஒரு கேள்வியும்

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். அம்மா பீடி சுற்றுகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் ஆட்கள் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். வேலையும் தருவார்களாம், மேற்படிப்பும் படிக்க வைப்பார்களாம். மூன்று வருஷம் பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் அவர்களிடமே இருக்குமாம்.

அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். "படிப்பும் அவனே குடுக்கிறான், சம்பளமும் அவனே குடுக்கிறான். இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, "நீ இன்னா இன்னா செய்யணும்னு வரிசையா எழுதியிருக்கிறான். அவன் இன்னா செய்வான்னு எங்க எழுதியிருக்குது?" என்று கேட்டார். இரண்டு பக்கத்தையும் மறுபடி தேடினேன். எங்கேயும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் எனக்கு இரண்டு வருஷம் சீனியரான ஓர் அண்ணன், இதே மாதிரி வேறொரு இடத்தில் கையெழுத்துப் போட்டவர். வேலை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். வகுப்பு மாதத்துக்கு ஒரு ஞாயிறு. அதுவும் பாதி நாள் நடக்காது. விட்டுவிட்டு வரலாம் என்றால் பணம் கட்டச் சொல்கிறார்கள். அவருடைய டிப்ளமோ சர்ட்டிபிகேட் இன்றைக்கும் அவர்களுடைய பீரோவில்தான் இருக்கிறது.

குழப்பத்தோடு எங்கள் ஊர் மிலிட்டரி பெரியப்பாவிடம் போனேன். எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இவர் ஹவில்தார் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஐ.நா. அமைதிப் படையில் 1993-94-ல் சோமாலியா போய் வந்தவர். அங்கே ஓர் அமெரிக்க அதிகாரியோடு பழக்கமாம். "அந்த ஆளு முதல்ல பீரங்கிப் படையில லெப்டினன்ட்டு. அப்புறம் ராணுவமே அவனை லா காலேஜுக்கு அனுப்பி வச்சுதாம். மூணு வருஷமும் முழு சம்பளம். அதுவும் பாண்டுதான் தம்பி. ஆனா அந்த பாண்டு இன்னாங்கிறது அவங்க நாட்டுச் சட்டத்துலயே எழுதியிருக்குதுன்னு சொன்னான்" என்றார்.

சட்டத்திலேயே எழுதியிருக்கிறதா! அதைத் தேடி எடுத்தேன். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 2004-ஆம் பிரிவு. சில பத்திகள்தான். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி படித்தேன். புரியாத இடத்தில் ஆங்கில மேடம் உதவினார். அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ராணுவத்துக்கு எதற்கு வக்கீல்?

துப்பாக்கி பிடிக்கிற இடத்தில் கறுப்புக் கோட்டுக்கு என்ன வேலை என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அமெரிக்கப் படையில் வக்கீல் மிகப் பழைய ஆள். அந்த நாடு சுதந்திரப் பிரகடனம் செய்தது 1776-ல். அதற்கும் ஒரு வருஷம் முன்னால், 1775 ஜூலை 29-ஆம் தேதியே, வில்லியம் டியூடர் என்ற பாஸ்டன் வழக்கறிஞர் ஜார்ஜ் வாஷிங்டனின் படைக்கு 'ஜட்ஜ் அட்வகேட்' ஆனார். ராணுவத்தில் இருக்கும் சட்ட அதிகாரிக்கு இன்றைக்கும் அதே பெயர்தான். அவர்கள் இருக்கும் பிரிவைச் சுருக்கமாக 'ஜாக்' என்கிறார்கள்.

இவர்களின் முதல் வேலை ராணுவ நீதிமன்றம், அதாவது கோர்ட் மார்ஷல். ஒரு சிப்பாய் தப்பு செய்தான் என்றால், குற்றம் சாட்டுவதும் அவனுக்கு மேல் இருக்கும் அதிகாரிதான், விசாரிக்கிறவர்களைப் பொறுக்கி எடுப்பதும் அதே அதிகாரிதான் என்றிருந்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்? இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பியவர்களிடமிருந்து இந்தப் புகார் நிறைய வந்தது. அதனால் 1950 மே 5-ஆம் தேதி, எல்லாப் படைகளுக்கும் பொதுவான ராணுவ நீதிச் சட்டத்தில் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு அது அமலுக்கு வந்தது. 1968-ல் வந்த இன்னொரு சட்டம், ராணுவ நீதிபதி என்ற பதவியை உண்டாக்கி, வக்கீல்களின் இடத்தை மேலும் பலப்படுத்தியது. இன்றைக்குப் பெரிய கோர்ட் மார்ஷலில் நிற்கும் சிப்பாய்க்கு, சட்டம் படித்த ராணுவ வக்கீல் ஒருவர் காசு வாங்காமல் அவன் பக்கம் நின்று வாதாடுவார்.

கோர்ட்டோடு வேலை முடிவதில்லை. போர்முனைக்குப் புறப்படும் சிப்பாய்க்கு உயில் எழுதித் தருவது, அவன் மனைவி பெயருக்குப் பவர் எழுதித் தருவது, வாடகை வீட்டுத் தகராறில் யோசனை சொல்வது எல்லாம் இவர்கள்தான். சண்டை நடக்கும் இடத்தில் எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது, பிடிபட்டவனை எப்படி நடத்த வேண்டும் என்று, 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை வைத்துத் தளபதிக்கு எடுத்துச் சொல்பவர்களும் இவர்கள்தான்.

இப்படிப்பட்ட வேலைக்கு, சட்டமும் தெரிய வேண்டும், படை வாழ்க்கையும் தெரிய வேண்டும். பதுங்கு குழியில் படுத்துப் பார்த்தவனே வக்கீலாக வந்தால் அவன் பேச்சைத் தளபதியும் கேட்பார், சிப்பாயும் நம்புவான் அல்லவா?

1973-ல் என்ன நடந்தது?

வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டாய ராணுவ சேவை இருந்தது. வயது வந்த இளைஞனை அரசாங்கம் கூப்பிட்டால் போயே தீர வேண்டும். சட்டம் படித்து முடித்தவன் என்ன யோசிப்பான்? சாதாரண சிப்பாயாக இழுத்துக்கொண்டு போவதற்கு முன், நாமே முந்திக்கொண்டு வக்கீல் அதிகாரியாகச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் யோசிப்பான். இப்படி வந்து சேர்ந்தவர்கள் பலர். படைகளுக்கு வக்கீல் பஞ்சம் பெரிதாகத் தெரியவில்லை.

1973-ல் கட்டாய சேவை நின்றது. இனிமேல் விருப்பப்பட்டு வருகிறவர்கள் மட்டும்தான். வெளியே நல்ல வருமானம் பார்க்கக்கூடிய வக்கீல் எதற்காகப் படைக்கு வருவான்? அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி இந்த 2004-ஆம் பிரிவு சட்டமானது. வெளியிலிருந்து வக்கீல் வராவிட்டால், உள்ளே இருப்பவனை வக்கீலாக்குவோம் என்பதுதான் அதன் கருத்து.

இந்தப் பிரிவின் கடைசியில் ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. கட்டாயமாக ஆள் எடுக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருக்கிற காலத்தில், இந்தத் திட்டத்தில் புதிதாக யாரோடும் ஒப்பந்தம் போடக்கூடாதாம்! கட்டாயப்படுத்தி ஆளைக் கூப்பிட முடிந்தால், காசு கொடுத்துப் படிக்க வைப்பது எதற்கு என்ற கணக்கு அது. இதைப் படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. யாரும் சும்மா படிக்க வைப்பதில்லை. படிக்க வைப்பவருக்கு ஒரு தேவை இருக்கிறது. அதில் தப்பே இல்லை. அந்தத் தேவையை ஒளிக்காமல் சொல்கிறார்களா என்பதுதான் கேள்வி.

யார் போகலாம்?

சட்டம் சொல்லும் நிபந்தனைகளை வரிசையாகத் தருகிறேன்.

1) அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும்.

2) அதிகாரியாக இருந்தால், முழுநேரப் படைப்பணியில் குறைந்தது 2 ஆண்டு முடித்திருக்க வேண்டும்; 6 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. படிப்பு தொடங்கும்போது ஓ-3 என்ற சம்பளப் படிக்கு மேல் போயிருக்கக் கூடாது. தரைப்படையில் ஓ-3 என்றால் கேப்டன்.

3) அதிகாரி அல்லாதவராக இருந்தால், 4 முதல் 8 ஆண்டு பணி. இ-5, இ-6, இ-7 ஆகிய மூன்று படிகளில் ஒன்றில் இருக்க வேண்டும். தரைப்படையில் இ-5 என்பது சார்ஜென்ட். அதிகாரியாக ஆவதற்கான எல்லாத் தகுதியும் அவருக்கு இருக்க வேண்டும்.

4) போட்டி முறையில் தேர்வு. ஒரு நிதியாண்டில் ஒரு படைத்துறையிலிருந்து 25 பேருக்கு மேல் படிப்பைத் தொடங்கக் கூடாது. தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று துறைகள் மூன்று. மரைன் படை கடற்படைத் துறையிலும், விண்வெளிப் படை விமானப்படைத் துறையிலும் அடங்கும். ஆக நாடு முழுக்க ஆண்டுக்கு 75 பேர் என்பதே உச்சம்.

மூன்றாவது நிபந்தனையைப் பாருங்கள். 1973-ல் சட்டம் வந்தபோது அதிகாரிகளுக்கு மட்டும்தான் இந்தக் கதவு திறந்திருந்தது. அதிகாரி அல்லாதவர்களைப் பிறகு திருத்தம் செய்துதான் சேர்த்தார்கள். இதைப் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ஹவில்தார் மாதிரி இருக்கிறவனும் போலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியை நிறுத்திவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவர்.

மூன்று வருஷம் எப்படிப் போகும்?

அமெரிக்காவில் நம் ஊர் மாதிரி பிளஸ் டூ முடித்துவிட்டு நேராகச் சட்டக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் நான்கு வருஷப் பட்டம். அது எந்தப் பாடமாக இருந்தாலும் சரி, எஞ்சினியரிங் என்றாலும் சரி. அதற்கு மேல் மூன்று வருஷச் சட்டப் படிப்பு. அதன் பெயர் 'ஜூரிஸ் டாக்டர்', சுருக்கமாக ஜே.டி.

சேருவதற்கு எல்சாட் என்ற நுழைவுத் தேர்வு எழுதுவது வழக்கம். மதிப்பெண் 120-ல் தொடங்கி 180-ல் முடியும். இதில் கணக்கு கிடையாது, பிசிக்ஸ் கிடையாது, சட்டக் கேள்விகூடக் கிடையாது! ஒரு பத்தியைக் கொடுத்து, 'இதில் சொன்னதிலிருந்து எது நிச்சயமாக வருகிறது, எது வரவில்லை' என்று கேட்பார்கள். 2024 ஆகஸ்ட்டில் இருந்து வாதங்களை எடை போடுவதும், படித்துப் புரிந்துகொள்வதும்தான் முக்கியப் பகுதிகள். பாண்ட் தாளைப் படிப்பதற்கும் இதே திறமைதான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

படைவீரர் இரண்டு கதவைத் தட்ட வேண்டும். படை அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; கல்லூரியிலும் அவரே விண்ணப்பித்து இடம் வாங்க வேண்டும். இரண்டும் கிடைத்தால் அவருடைய அப்போதைய வேலை, சட்டக் கல்லூரி மாணவனாக இருப்பதுதான். மாதச் சம்பளமும் படிகளும் வழக்கம்போல வரும். கல்லூரிச் செலவு படைத்துறைக்கு ஒதுக்கிய நிதியிலிருந்து போகும். அந்த நாட்டுத் தனியார் சட்டக் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல். இதை நினைத்தால் உதவியின் அளவு புரியும்.

ஜாலியாக இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மற்ற மாணவர்கள் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, இவர்கள் பக்கத்தில் இருக்கும் படைச் சட்ட அலுவலகத்தில் வேலை பழகப் போக வேண்டும். நமக்கு இன்பிளான்ட் டிரெயினிங் மாதிரி. படிப்பு முடிந்ததும் பார் தேர்வு எழுதித் தேற வேண்டும். அப்புறம் படையின் சொந்தச் சட்டப் பள்ளி. தரைப்படைக்கு வர்ஜீனியா மாநிலம் சார்லட்ஸ்வில், கடற்படைக்கும் மரைன் படைக்கும் ரோட் ஐலண்டின் நியூபோர்ட், விமானப்படைக்கு அலபாமாவின் மேக்ஸ்வெல் தளம். இதெல்லாம் தாண்டினால்தான் ராணுவ வக்கீல்.

ஒன்றுக்கு இரண்டு

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். இவ்வளவும் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பது என்ன?

படிக்கப் போகிறவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதில் மூன்று விஷயம் இருக்கும். படிப்பை முடிப்பேன். சட்ட அதிகாரி வேலையை ஏற்பேன். படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 ஆண்டு வீதம் படையில் பணி செய்வேன்.

மூன்று வருஷப் படிப்புக்கு 3 x 2 = 6 ஆண்டு. இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. முதலாவது, இந்த ஆறு ஆண்டு படிப்பு முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கும். கல்லூரியில் இருந்த காலம் இந்தக் கடனில் கழியாது. இரண்டாவது, 'ஆண்டு அல்லது ஆண்டின் பகுதி' என்று எழுதியிருக்கிறது. அதாவது இரண்டரை வருஷம் படித்தாலும் மூன்று என்றே கணக்கு. ஒரு சின்னச் சொல் ஒரு மனிதனின் இரண்டு வருஷத்தைத் தீர்மானிக்கிறது! இதைப் படித்த அன்றுதான் பாண்டில் ஒவ்வொரு வார்த்தைக்கும் எடை உண்டு என்று தெரிந்தது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 22 வயதில் லெப்டினன்ட்டாகச் சேருகிறார். நான்கு வருஷம் பணி, வயது 26. மூன்று வருஷம் சட்டப் படிப்பு, வயது 29. ஆறு வருஷக் கடன், வயது 35. இடையில் வெளியே எந்தப் பெரிய நிறுவனம் கூப்பிட்டாலும் போக முடியாது. படை எங்கே அனுப்புகிறதோ அங்கே போக வேண்டும். ஆகவே இது இலவசமும் இல்லை, தருமமும் இல்லை. கடன்தான். பணத்தில் வாங்காமல் வருஷத்தில் வாங்குகிறார்கள்.

சரி, பாதியில் முடியாமல் போனால்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாடத்தில் தேறாமலோ நடத்தை சரியில்லாமலோ வேறு காரணத்தாலோ திட்டத்திலிருந்து விலக்கப்பட்டவரைப் படை வேறு பணி செய்யச் சொல்லலாம். ஆனால் திட்டத்தில் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆண்டுக்கு மேல் கேட்கக் கூடாது. முடித்தவனுக்கு ஒன்றுக்கு இரண்டு. விலக்கப்பட்டவனுக்கு ஒன்றுக்கு ஒன்று வரைதான். முடிக்க முடியாமல் போனவன் வாழ்நாள் முழுக்க மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சட்டமே ஓர் எல்லைக் கோடு போட்டிருக்கிறது.

எங்கள் தெரு அண்ணன் கையெழுத்துப் போட்ட தாளில் இப்படி ஒரு கோடு இல்லை. என் பெட்டியில் இருக்கும் தாளிலும் இல்லை.

வேறு வழிகளும் உண்டு

75 பேருக்குள் வராத மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இரண்டு வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, சம்பளமில்லா நீண்ட விடுப்பு. மரைன் படை, விமானப்படை ஆகியவற்றில் அதிகாரிகளுக்கு இது இருக்கிறது. படையில் பேர் இருக்கும்; சம்பளம் வராது; கல்லூரிக் கட்டணம் தன் கையிலிருந்துதான்.

இன்னொன்று 'ஜி.ஐ. பில்'. 1944 ஜூன் 22-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களில் ஏறக்குறைய 22 லட்சம் பேர் இதனால் கல்லூரிக்குப் போனார்கள். அவர்களில் எத்தனை பேர் என்னை மாதிரி வீட்டிலேயே முதல் ஆளாகப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இப்போது நடப்பில் இருப்பது 2008-ல் சட்டமாகி 2009 ஆகஸ்ட்டில் அமலுக்கு வந்த புதிய வடிவம். 36 மாதம் வரை படிப்புக்கு உதவி கிடைக்கும். சட்டப் படிப்புக்கும் பயன்படுத்தலாம். வித்தியாசம் எங்கே என்றால், 2004-ஆம் பிரிவில் முதலில் படிப்பு, பிறகு உழைப்பு. இதில் முதலில் உழைப்பு, பிறகு படிப்பு. உழைத்துச் சம்பாதித்த உரிமை என்பதால், தான் படிப்பதற்காகத் திரும்பவும் சேவைக் கடன் ஏறாது.

நம் ராணுவத்தில்

நம் இந்திய ராணுவத்திலும் ஜாக் பிரிவு இருக்கிறது. ஆனால் முறை வேறு. சட்டப் பட்டத்தைக் குறைந்தது 55 சதவீத மதிப்பெண்ணோடு நம் செலவில் முடித்துவிட்டுத்தான் நேரடி நுழைவுக்கு விண்ணப்பிக்க முடியும். தேர்வானவர்கள் பயிற்சி பெறும் இடங்களில் முக்கியமானது நம் சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமி. பெண்களும் சேரலாம். ஒருமுறை ஆண்களுக்கு ஆறு இடம், பெண்களுக்கு மூன்று இடம் என்று பிரித்து அறிவித்திருந்தார்கள். அப்படிப் பிரிப்பது செல்லாது, பொதுவான தகுதிப் பட்டியல்தான் போட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிப்ளமோவுக்குப் பிறகு பட்டம், அதன் பிறகு சட்டம் என்று யோசிக்கும் தோழிகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

அமெரிக்கச் சட்டத்தை வாசித்துவிட்டு நம் ஊர் பாண்டுக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். நமக்குத்தான் கேள்வித்தாள் என்றால் பழக்கமாச்சே! உங்களுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன்.

1) நான் செய்ய வேண்டியது எழுதியிருக்கிறது, அவர்கள் செய்ய வேண்டியது எழுதியிருக்கிறதா? எந்தப் படிப்பு, எந்த நிறுவனம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, கட்டணம் யார் கட்டுவது?

2) படிப்பு எத்தனை வருஷம், அதற்கு நான் தர வேண்டியது எத்தனை வருஷம்? அந்தக் கணக்கு எந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது?

3) பாதியில் நிறுத்தினால் என்ன? அதற்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறதா? அவர்களே நிறுத்திவிட்டால் என்ன?

4) என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை எதற்காகக் கேட்கிறார்கள்? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் ஒரு பிரதி என் கையில் இருக்குமா?

5) இத்தனை பேரைப் படிக்க வைப்பதில் அவர்களுக்கு என்ன தேவை? அதை நேராகச் சொல்கிறார்களா?

இந்த ஐந்தில் முதல் கேள்வி என்னுடையது அல்ல. பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவுடையது. அமெரிக்கச் சட்டத்தைப் படித்து முடித்தபோது, அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் அவர்கள் பத்தி பத்தியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

கடைசியாக ஒன்று

அந்தக் கம்பெனிக்காரர்கள் மறுபடி வந்தபோது இந்தக் கேள்விகளைக் கேட்டேன். கை நடுங்கியது உண்மை. "அதெல்லாம் சேர்ந்தப்புறம் பேசிக்கலாம் தம்பி, உன்னை மாதிரி எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்க தெரியுமா?" என்றார்கள். எழுதித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். எழுதித் தரவில்லை. நானும் போடவில்லை.

அப்பாவுக்கு இன்னும் என் மேல் கோபம்தான். "வந்த லட்சுமியை வேணாம்னு சொல்லிட்டான்" என்று சித்தப்பாவிடம் சொன்னாராம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலில் சாரத்தில் நின்று என்னைப் படிக்க வைக்கிறவர் அவர்தான். இதுவரை என்னிடம் எந்த பாண்டும் கேட்டதில்லை. தெரு அண்ணனுக்காக நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு கடிதம் எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

நண்பர்களே, நம்மில் பலருக்கு நம்மைத் தவிர வீட்டில் படித்துச் சொல்ல ஆள் இல்லை. வேறொருவர் செலவில் படிப்பதில் வெட்கம் இல்லை. கடனாகப் படித்தாலும் தப்பில்லை. நாணயமாகத் திருப்பிக் கொடுப்போம். ஆனால் எவ்வளவு கடன், எதுவரை கடன் என்பது தாளில் இருக்க வேண்டும். உங்கள் கைக்கும் அப்படி ஒரு தாள் வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். யார் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.